சனிக்கிழமை ஆய்வு

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க, அந்தச் சுருட்டின பிளான் கசங்கிறப் போகுது. புது வீடுங்களா? நெனச்சேன். சாமி படத்தைக் கொண்டு போறவராட்டம் மடியில வெச்சுப் புடிச்சிருக்கீங்களே, அப்பவே தெரிஞ்சு போச்சு. அப்ரூவலுக்குப் போறீங்க. போங்க, போங்க. சிரிச்ச முகமா வேற இருக்கீங்க. இப்பவே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. திரும்பி வர்றப்ப நீங்கதான்னு வீட்டுல அடையாளம் காட்ட உதவும்.

நான் கரூர் போறனுங்க. பொண்ணு வீட்டுக்கு. பேத்தி பொறந்திருக்குது, மொதல் தடவை பார்க்கப் போறேன். பொறந்து இத்தனை நாள் கழிச்சா போறீங்கன்னு கேட்கறீங்களா? கேட்கலையா? பரவாயில்லை, நானே சொல்றேன். காங்கேயம்கூட இன்னும் வரலை, வேற என்ன வேலை நமக்கு.

என் பேரு வேலப்பனுங்க. சர்க்கார் உத்தியோகத்துல இருந்து ரிட்டயர் ஆனவன். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போடற ஆய்வாளர். சந்தை சந்தையாப் போவேன். முத்திரை இருந்தா விட்டுருவேன், இல்லைன்னா புடுங்கிக்கிட்டு வந்துருவேன். ஒரு தடவை ஒரு தக்காளிக்காரம்மா, கிலோக் கல்லுக்குப் பதிலா ஆத்துக் கல்லு ஒண்ணை வெச்சு நிறுத்துக்கிட்டு இருந்தா. நகைக்கடையில எடை பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாத் தேச்சு, ஒரு கிலோவுக்குச் சரி பண்ணினதாம். நானும் என் பொட்டியில இருந்த கல்லைப் போட்டு நிறுத்தேன். முள்ளு அசையலைங்க. அவ்வளவு சரி. 'பாருங்க சாமி, சரியாத்தான இருக்குது'ன்னா. எடை சரிதான் ஆத்தா, முத்திரை எங்கன்னேன். கல்லை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அழுதா. அழுதா சட்டம் கரைஞ்சிருமா? இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் சட்டம் தெரிஞ்சவன். எனக்கு வந்து எவனும் சட்டம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரிட்டயர் ஆகி வந்த பணத்துல ஊர்க்கோடியில சைட்டு வாங்கி வீடு கட்டினேன். எதுக்கு? எங்க மேகலாவுக்காகத்தான். ஒரே பொண்ணு. கரூர்ல கட்டிக் கொடுத்திருக்குது. சித்திரையில, புள்ள முழுகாம இருக்குதுன்னு சேதி வந்துது. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே பார்க்கணும்? நாங்க அப்ப இருந்தது லைன் வீடு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. அங்கயா புள்ளையைக் கொண்டாந்து வெக்கறது? நாச்சம்மா ஒத்தக் கால்ல நின்னா. நாச்சம்மாங்கறது எங்க வீட்டம்மா. 'புள்ள வர்றப்ப சொந்த வீட்டுல இருக்கோணும்'னா. அவசர அவசரமா வேலையை முடிச்சு ஆனியிலயே குடி வந்துட்டோம்.

ஆனா பாருங்க, செவுரு எழுப்பி கூரை போட்டுட்டா அது வீடுன்னு நீங்களும் நானும்தான் நெனச்சுக்கிட்டு இருக்கோம். நகராட்சிக்காரங்க வந்து பார்த்து, பணி நிறைவுச் சான்றுன்னு ஒரு காகிதம் கொடுத்தாத்தான் அது வீடு. அது வந்தாத்தான் நிரந்தரக் கரண்டு, குடிதண்ணிக் குழாய் எல்லாம். அது வரைக்கும், கட்டட வேலைக்குன்னு வாங்கின தற்காலிகக் கரண்டுதான். அதை எப்ப வேணா புடுங்குவாங்க. அந்தக் காகிதத்துக்கு எங்க ஊர்ல அவங்க கேட்ட சாமானுங்கள்ல ஒண்ணு, மாடியில சோலார் வாட்டர் ஹீட்டர். வெயில்ல தண்ணி காயோணும்னு உத்தரவு. நல்ல உத்தரவு. சூரியனுக்கும் ஒரு நகல் அனுப்பியிருப்பாங்கன்னு நெனக்கிறேன்.

கம்பெனிக்காரன் ஒருத்தன் கழுத்துல டை கட்டிக்கிட்டு வந்தான். அவன் கொண்டாந்த படத்தைப் பார்த்தேன். என்ன இருக்குது அதுல? கறுப்புத் தகடு, அதும் மேல செம்புக் குழாய், அதுக்கு மேல கண்ணாடி, தலைமாட்டுல ஒரு டிரம்மு. இவ்வளவுதான். இதுக்கு ஒரு வெலை சொன்னான். நாச்சம்மா, 'சரி, வாங்கிருங்க, புள்ள வர்றதுக்குள்ள வேலை முடியட்டும்'னா. அவளுக்கு எல்லாம் முடியோணும். எப்படி முடியுதுங்கறதைப் பத்திக் கவலை இல்லை. நான் அவனுக்கு ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிட்டு, நானே செய்யறேன்னுட்டேன்.

செஞ்சேனுங்க. ஆடி மாசம் பூரா அதே வேலை. பழைய ஜன்னல் கண்ணாடி, ஓட்டல்காரர் ஒருத்தர் கழிச்சுப் போட்ட எவர்சில்வர் டிரம்மு, அதைச் சுத்தித் தேங்கா நாரு, அதும் மேல நாச்சம்மா கல்யாணத்துக்குக் கொண்டாந்த ரெண்டு கம்பளி, எல்லாத்துக்கும் மேல தார்ப்பாய். மோட்டார் கீட்டார் ஒண்ணும் வேண்டாம். சூடான தண்ணி தானா மேல ஏறும், பச்சைத்தண்ணி தானாக் கீழ எறங்கும். சாயங்காலம் குழாயைத் தொறந்து, புடிச்சுப் பாரு புள்ளைன்னு நாச்சம்மாகிட்டச் சொன்னேன். கையை நீட்டினா. 'ஐயோ'ன்னு ஒரு சத்தம். முழங்கை வரைக்கும் தோலு வழண்டு போச்சு. அவ்வளவு சூடுங்க! எனக்கு ஆனந்தம் தாங்கலை. அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்புட்டு அவ கையைக் காட்டினேன்.

இன்னொரு நாள் டிரம்மு மூடி எகிறிப் போய்ப் பக்கத்து வீட்டு மாடியில விழுந்துது. ஆள் மேல எல்லாம் படலை, காயப் போட்டிருந்த வடகத்து மேலதான். அதுக்கு அந்தம்மா போட்ட சத்தம் இருக்குதே, பீரங்கியே வெடிச்சாப்பல. அப்பேர்ப்பட்ட வேகம் இருக்குதுன்னா சாமானு எப்பேர்ப்பட்ட சாமானுன்னு யோசிக்கற புத்தி அந்தம்மாவுக்கு இல்லை.

சரி, சான்றுக்கு எழுதிப் போட்டேன். ஆய்வுக்கு வந்தவரு பேரு சந்திரகாசன். நல்ல பையன், நெத்தி நெறைய விபூதி. மாடிக்கு வந்து சுத்திச் சுத்திப் பார்த்தாரு. 'ஐயா, இதுல முத்திரை எங்கீங்க?'ன்னாரு.

எங்கிட்டயே கேட்கறாரு! வீட்டுல செஞ்ச சாமானுக்கு முத்திரை எப்படீங்க இருக்கும், சூடாகுதா இல்லையான்னு பாருங்கன்னேன். 'சூடு இருக்கலாமுங்க, முத்திரை இல்லாம எப்படி ஏத்துக்கறது'ங்கறாரு. எனக்கு வந்துது பாருங்க கோவம். ஏம்ப்பா, கண்ணு முன்னால ஆவி வருது, சாமானு சரியா இருக்குது, முத்திரை எங்கே முத்திரை எங்கேன்னு கிளிப்புள்ளையாட்டம் கேட்கறயே, மனுசனுக்கு ஒரு மனசாட்சி வேண்டாமான்னு கேட்டேன்.

எதுக்கு இப்படிப் பார்க்கறீங்க? தக்காளிக்காரம்மா கதையா? அது வேறங்க. அது தராசு, இது தண்ணி.

சந்திரகாசன், ஆவி வெளிய போகக் குழாய் இல்லைன்னாரு, டிரம்மு வெளிச் செவுரு மேல நிக்குதுன்னாரு, ரெண்டு மூணு நொட்டை சொன்னாரு. நான் காதுலயே போட்டுக்கலை. அப்புறம், 'விசேசமா அனுமதி கேட்கலாமுங்க, ஆனா தண்ணி குளிக்கற சூட்டுக்கு வருதுன்னு நான் எழுதோணும். கை விட்டுப் பார்த்தேன்னு எழுத முடியாதுங்களே'ன்னாரு. அப்ப குளிச்சே பாருங்கன்னேன்.

சத்தியமா வேகத்துல சொன்னதுதானுங்க. அன்னிக்குச் சனிக்கிழமை. ஆபீசு லீவு. லீவு நாள்லயும் கடமைன்னு வந்திருந்தாரு, அதை ஒத்துக்கோணும். சனிக்கிழமை ஆம்பளைங்க எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கற நாளு, வெறும் தண்ணியில குளிக்கச் சொன்னா நல்லாவா இருக்கும்? நாச்சம்மா செக்கு நல்லெண்ணெயில ரெண்டு மொளகு போட்டுக் காய்ச்சிக் கொண்டாந்து கொடுத்தா. சீயக்காய் கரைச்சு வெச்சா. மனுசன் குளிச்சாரு, குளிச்சாரு, அப்படிக் குளிச்சாரு. கண்ணெல்லாம் செவந்து, ஆவி பறக்க வெளிய வந்தாரு. எண்ணெய்க் குளியல் குளிச்சவரைச் சும்மா அனுப்பலாமுங்களா? கொள்ளு ரசம், பூண்டுக் கொழம்பு, சுடு சோறு. சாப்பிட்டுட்டு, 'ஐயா, நல்ல சூடு. ஆனா இன்னிக்கு நல்ல வெயிலு. மேகம் போட்ட நாள்ல எப்படி இருக்கும்னு தெரியோணுமுங்களே'ன்னாரு.

நியாயந்தானே? அடுத்த சனிக்கிழமை வந்தாரு. மேகமே இல்லை. அதுக்கு அவரு என்ன செய்வாரு? குளிச்சாரு, நாட்டுக்கோழிச் சாறு குடிச்சாரு, மேகத்துக்காக இன்னொரு சனிக்கிழமை வர்றேன்னாரு. மேகம் வந்துது. அப்புறம், ஒரு ஆளு குளிக்கறதை வெச்சுக் கொள்ளளவு சொல்ல முடியாதுன்னு அவங்க ஆபீசுல பிளான் வரையறவரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ரெண்டு பேரு குளிச்சாங்க. அதுக்கு அடுத்த வாரம், ஒல்லியான ஆளுகளை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு சர்வேயரு வந்தாரு. அவரு ஒருத்தரே மூணு ஆளு கனம். அவரு குளிச்ச அன்னிக்கு டிரம்மு காலி. அப்பவும் கடைசிச் சொம்பு வரைக்கும் சூடு இருந்துதுன்னு அவரு வாயாலயே சொன்னாரு.

கொஞ்சம் கையில கொடுத்து முடிச்சிருக்கலாமேங்கறீங்களா? அது நம்மகிட்ட நடக்காதுங்க. இத்தனை வருச சர்வீசுல நான் வாங்கினதும் இல்லை, கொடுக்கறதும் இல்லை. அந்தப் புள்ளைகளும் ஒரு பைசா கேட்கலை, தப்புச் சொல்லக் கூடாது. வந்தாங்க, ஆய்வு பண்ணினாங்க, போனாங்க. எண்ணெயும் சோறுமா? வீடு தேடி வந்த மனுசனுக்குச் சோறு போடறதை எந்த ஊர்லீங்க லஞ்சம்னு சொல்லுவாங்க?

மேகலா போன் பண்ணும். 'ஏனுங்கப்பா, ஆச்சுங்களா?'ன்னு கேட்கும். ஆச்சு கண்ணு, மேக மூட்டத்துலயும் பாஸ் ஆயிருச்சு, இனிக் கொள்ளளவு மட்டுந்தான்னு சொல்லுவேன்.  'அப்பா, கடையில ஒண்ணை வாங்கி மாட்டிருங்கப்பா. நான் வந்துருவேனுல்ல'ன்னும். அந்தப் புள்ளைக்கு அப்பனோட சாமானு மேல நம்பிக்கை இல்லை. எனக்கு மனசு வலிச்சுது, சொல்றதுக்கு என்ன. உனக்காகத்தான சாமி செஞ்சேன், நீயும் கொழந்தையும் அதுல குளிக்கோணும்னுதான செஞ்சேன்னேன். 'குளிக்க மொதல்ல நான் அங்க வரோணுமுங்களேப்பா'ன்னுச்சு. பேச்சுல மட்டும் அதை ஜெயிக்க முடியாது. யாரு பொண்ணு!

புரட்டாசியில தற்காலிகக் கரண்டைப் புடுங்கிட்டாங்க. வேலைதான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்ன தற்காலிகம்னு கேட்டுப் புடுங்கினாங்க. வேலை முடிஞ்சுதுன்னு சான்று கொடுக்க மாட்டேங்கறது ஒரு ஆபீசு, வேலை முடிஞ்சுதுன்னு கரண்டைப் புடுங்கறது இன்னொரு ஆபீசு. ரெண்டும் ஒரே ரோட்டுல எதிரும் புதிருமா இருக்குது. நடுவுல இருக்கற டீக்கடையில ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் டீ குடிக்கறாங்க.

கரண்டு இல்லைன்னா போருத் தண்ணியை மாடிக்கு ஏத்த மோட்டாரு ஓடாது. டிரம்மு காலியாக் கெடந்தா ஆய்வு எப்படி நடக்கும்? அதுக்குத்தான் நாச்சம்மா இருந்தாளே. தெருக்கோடிக் கைப்பம்புல அடிச்சு, குடத்துல எடுத்து, மாடிப்படியேறி ஊத்துவா. படிக்குக் கைப்புடி வேற இன்னும் வெக்கலை, செவுத்தைப் புடிச்சுப் புடிச்சு ஏறோணும். சும்மா சொல்லக் கூடாதுங்க, ஒரு சனிக்கிழமைகூட அந்த டிரம்மு கொறஞ்சதில்லை. நான் மேல நின்னுக்கிட்டு மட்டம் பார்த்துச் சொல்லுவேன். அதுவும் ஒரு வேலைதானே.

ஐப்பசியில கட்டுச்சோறு வந்துது. உங்க பக்கம் உண்டுங்களா? ஏழாம் மாசம் பொண்ணு வீட்டுக்காரங்க விதவிதமாச் சோறு கட்டிக்கிட்டுப் போய், விருந்து வெச்சு, பொண்ணைப் பொறந்த வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றது. சம்பந்தி சனிக்கிழமை நாள் குறிச்சிருந்தாரு. சனிக்கிழமை ஆய்வாச்சுங்களே, ஞாயித்துக்கிழமைக்கு மாத்துங்கன்னேன். மாத்தினாரு, பெரிய மனுசன். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, எள்ளுச்சோறுன்னு நாச்சம்மா விடியறதுக்கு முன்னாலயே கெளறிக் கட்டினா. வளையல் போட்டு, பொட்டு வெச்சு எல்லாம் ஆச்சு. மேகலா பொட்டியைக்கூடக் கட்டி வெச்சிருந்துது. அப்ப சம்பந்தியம்மா மெதுவாக் கேட்டாங்க, 'கரண்டு வந்துருச்சுங்களாண்ணா?'ன்னு. நான் கலெக்டருக்கு எழுதின மனுவை எடுத்துப் படிச்சுக் காட்டினேன். நீளமான மனு, நல்லாவே எழுதியிருந்தேன். முழுக்கக் கேட்டாங்க. கேட்டுட்டு, 'விளக்கு இல்லாத வீட்டுக்குப் புள்ளத்தாச்சியை எப்படீங்கண்ணா அனுப்பறது? வந்ததும் சொல்லுங்க, நாங்களே கொண்டாந்து விடறோம்'னாங்க. பொட்டி திரும்ப உள்ள போயிருச்சு.

பஸ்ஸுல வர்றப்ப நாச்சம்மா காலிப் பாத்திரக் கூடையை மடியில வெச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வெளியவே பார்த்துக்கிட்டு வந்தா. களைப்புன்னு நானும் விட்டுட்டேன். வீட்டுக்கு வந்து, 'ஏனுங்க, கையைப் புடிச்சுக் கேட்கறேன், கடையில வாங்கிருங்க'ன்னா. இத்தனை சனிக்கிழமை பாஸ் ஆன சாமானை இப்ப எறக்கினா, அது தோத்துப் போச்சுன்னு ஆயிராதா புள்ளைன்னேன். அவ காலிப் பாத்திரத்தைக் கழுவப் போயிட்டா.

தீபாவளிக்கு வந்தாரு பாருங்க சந்திரகாசன்! ராத்திரி பூராச் சூடு நிக்குதான்னு விடிகாலையில பார்த்தாத்தான் தெரியுமாம். எப்படிப்பட்ட யோசனை! கங்கா ஸ்நானத்துக்குப் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, மாமனாரு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு ஆய்வுக்கு வந்துட்டாரு. நாச்சம்மா அத்தனை பேரு தலையிலயும் எண்ணெய் வெச்சா. மாமனாருக்கு முதுகு தேய்ச்சு விட நானே போனேன். 'ஐயா, ஆபீசுல எல்லாரும் உங்க ஹீட்டரைப் பத்தித்தான் பேசறாங்க'ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. எத்தனை கம்பெனி முத்திரை குத்தி விக்குது, எந்தக் கம்பெனி சாமானுலயாவது நகராட்சியே குடும்பத்தோட வந்து குளிச்சிருக்குதா?

இந்தாங்க, கடலை எடுத்துக்கங்க. வெள்ளகோயில் வந்துருச்சு. இனிக் கொஞ்ச தூரந்தான்.

மார்கழி போச்சு, தை பொறந்துது. தையில ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை போன் பண்ணினாரு. மேகலாவுக்கு வலி எடுத்திருச்சு, ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறோம்னாரு. நாச்சம்மா அடுப்பை அணைச்சா, ரெண்டு பொடவையைப் பையில திணிச்சா, செருப்பை மாட்டினா. எல்லாம் நான் போனை வெக்கறதுக்குள்ள. நாளைக்கு ஆய்வு இருக்குதே, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமாப் போலாமேன்னு சொன்னேனுங்க. நின்னு திரும்பிப் பார்த்தா. எதாவது திட்டியிருந்தாலும் பரவாயில்லை. பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

சனிக்கிழமை காலையில நானே குடத்தை எடுத்தேன். ரெண்டாவது குடத்துக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு. டிரம்மோட அடியைக்கூட அது நனைக்கலை. அந்த நேரம் பார்த்து சந்திரகாசன் வந்துட்டாரு, தோள்ல துண்டு, பின்னால சர்வேயரு. வாசல்லயே நின்னு மோந்து பார்த்தாரு. அடுப்பே எரியலை, என்ன வாசம் வரும்? 'அம்மா இல்லீங்களா?'ன்னாரு. கரூரு போயிருக்கான்னேன். 'எப்ப வருவாங்க?' இனி மூணு மாசமாவது ஆகும், பிரசவமுல்லன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பார்த்துக்கிட்டாங்க. சர்வேயரு துண்டை மடிச்சுப் பையில வெச்சாரு.

அப்புறம் நடந்ததுதானுங்க அதிசயம். சந்திரகாசன் கீழ்ப் படியில உட்கார்ந்தாரு, பையில இருந்து ஃபைலை எடுத்தாரு, முழங்கால் மேல வெச்சு மடமடன்னு கையெழுத்துப் போட்டாரு. மாடிக்கு ஏறக்கூட இல்லை. 'எல்லாம் திருப்திங்க ஐயா. இனி இங்க ஆய்வு பண்ண ஒண்ணும் இல்லை'ன்னாரு. அடுத்த வாரமே சான்று வந்துருச்சு!

எப்படின்னு நெனக்கறீங்க? கலெக்டருக்குப் போட்ட மனுதானுங்க. மேல இருந்து ஒரு போன் வந்திருக்கும், ஆளு நடுங்கிப் போயிட்டாரு. இல்லைன்னா, அந்தச் சாமானோட அருமை அன்னிக்குத்தான் முழுசா ஒறைச்சிருக்கும். ரெண்டுல ஒண்ணு. என்னங்க சிரிக்கறீங்க? வேற என்ன காரணம் இருக்க முடியும்?

அதே சனிக்கிழமைதான் பேத்தி பொறந்தா. உடனே ஓடலாம்னுதான் இருந்துது. ஆனா வெறுங்கையோட போகக் கூடாதுன்னு பார்த்தேன். சான்று வரட்டும், கரண்டு வரட்டும், குழாய் வரட்டும், எல்லாத்தையும் முடிச்சுட்டு, வா சாமி வீட்டுக்குப் போலாம்னு சொல்லிக் கையோட கூட்டிக்கிட்டு வந்துரலாம்னு இருந்தேன். எல்லாம் வந்துருச்சு. இப்பத் தண்ணி தானா ஏறுது, தானாக் காயுது. போன சனிக்கிழமை சந்திரகாசனுக்கு நானே போன் பண்ணினேன், சும்மா வந்து ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போங்கன்னு. 'சான்றுதான் கொடுத்தாச்சுங்களே ஐயா'ன்னு வெச்சுட்டாரு. பாவம், வேலைப்பளு. சான்றை லேமினேசன் பண்ணிக் கொண்டு போறேன். மேகலா பார்க்கட்டும், அப்பன் ஜெயிச்சானா இல்லையான்னு.

ஒரு நிமிசமுங்க, போனு. நாச்சம்மாதான்.

அலோ, ஆமா புள்ள, வெள்ளகோயில் தாண்டியாச்சு. சான்று எடுத்துக்கிட்டேன், லேமினேசன் போட்டு. காரு சொல்லி வெச்சிருக்கேன், நாளைக்கே கெளம்பிரலாம். என்ன? ஏன்? யாரு சொன்னது, சம்பந்தியா? மேகலாவேவா? சரி, நீயாவது... நீயுமா? என்ன பேசறே நீ? யாரு ஊத்துனாங்க? ம். ம். அது அப்படி இல்லை புள்ள... அலோ. அலோ.

வெச்சுட்டா.

ஒண்ணும் இல்லீங்க. சிக்னலு நல்லாத்தான் இருந்துது. அவதான் வெச்சுட்டா.

மேகலா வரலைங்குதாம். மூணு மாசமும் அங்கயே இருந்துக்கறேன், அப்பாகிட்டச் சொல்லிருங்கன்னு சொல்லிருச்சாம். இவளும் அங்கயே இருக்கறாளாம். ஏன் புள்ள, வீட்டுலதான் எல்லாம் வந்துருச்சேன்னேன். கேட்டீங்களா அதுக்கு அவ சொன்னதை? 'இன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னு சம்பந்தியம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வெச்சு விட்டாங்க. வெறகடுப்புல ஒரு அண்டா வெந்நீர் காய வெச்சு, அவங்களே மோந்து மோந்து ஊத்துனாங்க. ஆடிக்கப்புறம் நான் இன்னிக்குத்தான் சுடுதண்ணியில குளிச்சேனுங்க'ங்கறா. நம்ம வீட்டுல இல்லாத சுடுதண்ணியா புள்ளைன்னு கேட்டேன். 'வெள்ளிக்கிழமை தொட்டா சனிக்கிழமைக்குப் பத்தாதுன்னீங்க. மத்த நாள்ல சூடு அளக்கோணும், தொடாதேன்னீங்க. சனிக்கிழமை அவங்க குளிச்சு முடிச்சா டிரம்மு காலி'ங்கறா. கோவமாக்கூடச் சொல்லலீங்க. வெலவாசி சொல்றாப்பல சொல்றா. 'நீங்க வாங்க, கொழந்தையைப் பார்த்துட்டுப் போங்க'ன்னுட்டு வெச்சுட்டா.

பார்த்துட்டுப் போங்கன்னா என்னங்க அர்த்தம்? யாரோ ஊருக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்றாப்பல.

நீங்களே நியாயம் சொல்லுங்க. தொடக் கூடாதுன்னு நான் பொதுவாச் சொன்னதுங்க அது. அவளைப் பேரு சொல்லியா சொன்னேன்? நான் தெனமும் குளிச்சனேன்னு கேட்பீங்க, அது குளியல் கணக்குல வராதுங்க, அது சோதனை. இவ பச்சைத்தண்ணியில குளிக்கறாளா சுடுதண்ணியில குளிக்கறாளான்னு நான் எப்படீங்க பார்த்துக்கிட்டு இருக்க முடியும்? மார்கழியில ஒரு மாதிரி இருமிக்கிட்டுத்தான் இருந்தா, பனின்னு நெனச்சேன். குடம் குடமாச் செமந்து அந்த டிரம்மை நெரப்பினவளே அவதானுங்க. வாயைத் தொறந்து, ஏனுங்க, எனக்கு ஒரு பக்கெட்டு வேணும்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?